மட்பாண்டக் கோட்டை: சனாக்கலே துறையும் அதனைப் பாடிய கவிகளும்

ஓர் ஊரைக் காண்பது வேறு. அவ்வூரைப் பற்றிப் பிறர் எழுதி வைத்ததைக் காண்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி எழுதப்பெறும் பிரயாணக் கட்டுரைகள் நம் பத்திரிகைகளில் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. விமானம் ஏறிய நேரம், தங்கிய விடுதி, உண்ட உணவு, எடுத்த புகைப்படம், இவற்றிற்கிடையே பழைய நூலொன்றில் படித்த நான்கு செய்திகள்: இவ்வளவோடு கட்டுரை முடிந்துவிடுகின்றது. அவ்வூரில் வாழ்வோர் யாவர், எத்தொழில் செய்து பிழைத்தனர், தம்மைக் குறித்துத் தாமே யாது சொல்லிக் கொள்கின்றனர் என்பன பற்றி ஒரு சொல்லும் இராது. இக்குறை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. உலகம் போற்றும் பெருங்கவிகளிடத்தும் இது உண்டு. அதனை ஒரே ஊரை வைத்து ஆராய்ந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வூர் துருக்கி நாட்டிலுள்ள சனாக்கலே. மலாக்கா ஜலசந்தியின் கரையில் வாழும் நமக்கு ஜலசந்தி இன்னதென விளக்க வேண்டுவதில்லை. இரு கடல்களைச் சேர்த்து இரு நிலங்களைப் பிரிப்பது அது. கப்பல் வரும் வழியும் அதுவே, பகை வரும் வழியும் அதுவே. டார்டனெல்ஸ் ஜலசந்தி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளமுடையது. மார்மரா கடலிலிருந்து ஈஜியன் கடலுக்கு மேல்நீர் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. ஜலசந்தி மிகக் குறுகும் இடத்தில், ஆசியக் கரையில் அமைந்திருப்பது சனாக்கலே. எதிர்க்கரையிலுள்ள கிலித்பாகிர்க் கோட்டை இங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் தூரந்தான் இருக்கும். இடையே படகுகள் ஓயாது சென்று வருகின்றன. கான்ஸ்டான்டினோபிளை 1453-இல் வென்ற சுல்தான் இரண்டாம் மெஹ்மத், சில ஆண்டுகளில் இவ்விரு கரைகளிலும் கோட்டை கட்டி ஜலசந்திக்குப் பூட்டிட்டான். கிலித்பாகிர் என்பதற்கே கடலின் பூட்டு என்பது பொருள்.

ஆசியக் கரைக் கோட்டைக்கு அரசாங்கம் இட்ட பெயர் சுல்தானின் கோட்டை என்பது. ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது அதுவன்று. சனாக் என்றால் மண்சட்டி, கலே என்றால் கோட்டை; மட்பாண்டக் கோட்டை என்பதே சனாக்கலே. இவ்வூரில் குயவர் பலர் இருந்தனர். அவர் வனைந்த சட்டியும் குடுவையும் துறையில் நிற்கும் கப்பல்களில் ஏறி நாடெங்கும் சென்றன. சுல்தான் இட்ட பெயர் ஏட்டோடு போயிற்று. குயவன் தொழிலால் வந்த பெயர் ஊருக்கு நின்றது. இவ்வொரு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நிற்க. இன்று இவ்வூருக்குச் செல்வோர் முதலிற் காண்பது எது? கடற்கரைச் சாலையில் நிற்கும் பெரியதொரு மரக்குதிரை. 2004-இல் வெளிவந்த டிராய் என்னும் அமெரிக்கத் திரைப்படத்திற்காகச் செய்யப்பெற்ற குதிரை அது. படம் முடிந்தபின் இவ்வூருக்கு அளிக்கப்பட்டது. படம் எடுக்கப்பட்டதோ மால்டாவிலும் மெக்சிகோவிலும். சென்ற ஆண்டு விடுமுறையில் மூன்று நாள் இவ்வூரில் தங்கியிருந்தபோது அக்குதிரையைச் சூழ்ந்து கூட்டம் இல்லாத பொழுதை யான் காணவில்லை. பல தேசத்தாரும் அதன் கீழ் நின்று புகைப்படம் எடுத்துக் கொள்கின்றனர். ஹோமர் பாடிய குதிரை இதுதான் என்று தந்தை மகனுக்குச் சொல்வதையும் கேட்டேன்.

ஹோமரின் இலியட் காவியத்தில் மரக்குதிரைக் கதை இல்லை. அக்காவியம் டிராய் நகரத்து வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகின்றது. குதிரைக்குள் வீரர் ஒளிந்து நகரை வீழ்த்திய வரலாற்றை ஒடிஸி குறிப்பாகத் தருகின்றது. விரித்துப் பாடியவர் பன்னூறு ஆண்டுகட்குப் பின்வந்த ரோமாபுரிக் கவியாகிய வர்ஜில். ஆகவே, துறைமுகத்துக் குதிரை ஊருக்கும் உரியதன்று, இலியட்டுக்கும் உரியதன்று. எழுத்தைத் தேடி வந்தவர்கள் எழுத்தையும் காணவில்லை, ஊரையும் காணவில்லை. கண்டது திரைச்சாலைத் தச்சரின் கைத்திறனை மட்டுமே.

இனி மூல நூலுக்கே செல்வோம். ஆங்கிலப் பள்ளிகளில் படித்த நம்மவர்க்கு இலியட் என்றவுடன் அக்கிலஸும் ஹெக்டரும் நினைவுக்கு வருவர். அந்நூலின் பெருமையை யான் குறைத்துரைக்க முன்வரவில்லை. தன் மகனைக் கொன்றவன் கையையே முத்தமிட்டுப் பிணத்தை இரந்து நிற்கும் கிழவேந்தன் பிரையத்தைக் காட்டுமிடத்தில், பகைவனும் மனிதனே என்று உணர்த்திய கவி அவர். எனினும் அக்காவியத்தின் இரண்டாம் பகுதியில் தெர்சிட்டஸ் என்னும் ஒருவன் வருகின்றான். அரசர்கள் கொள்ளைப் பொருளைக் குவித்துக் கொள்ள, எளிய வீரர் அயல்நாட்டு மணலில் ஏன் மடிய வேண்டும் என்று சபையில் கேட்டவன் அவன் ஒருவனே. அவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா? இல்லை. ஒடிஸியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கின்றான். படை முழுதும் நகைக்கின்றது. கூனன், நொண்டி, அழகற்றவன் என்று கவியும் அவனை வருணித்துவிடுகின்றார். நியாயம் கேட்பவனை முதலில் இழித்துக்காட்டிப் பின்னர் அடிப்பது அன்றே தொடங்கிய வழக்கம் போலும்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். காவியம் வீரரைப் பாடுவதற்கென்றே எழுந்தது; உழைப்பாளிகளின் பேரேடு எழுதுவது கவியின் வேலையா என்பர். அவர்க்கு ஹோமரே விடை சொல்கின்றார். அக்கிலஸின் கேடயத்தில் தீட்டப்பெற்ற நடனத்தைச் சொல்லுமிடத்து, நடனமாடுவோர் காலின் விரைவுக்கு, குயவன் அமர்ந்து தன் சக்கரத்தைக் கையாற் சுழற்றி ஓட்டம் பார்ப்பதை உவமை கூறுகின்றார். இரு படைகளும் ஒப்ப நின்று பொருததற்கு, தன் மக்களுக்குக் கூலி தேட வேண்டிக் கம்பளி மயிரைத் தராசில் நேர்மையாக நிறுக்கும் ஏழைப் பெண்ணை உவமை கூறுகின்றார். இவ்வுவமைகளே காவியத்தின் உயிர் என்பேன். போரைக் காணாதவனும் சக்கரத்தைக் கண்டிருப்பான். அதைக்கொண்டே கவி நமக்குப் போரை விளக்குகின்றார். ஆனால் குயவனும் கூலிப்பெண்ணும் காவியத்துள் நுழைய உவமை என்னும் புறவாயில் ஒன்றே திறந்திருந்தது. தலைவாயில் அரசர்க்கே. ஹோமருக்குப் பின்வந்தோர் அப்புறவாயிலையும் சாத்திவிட்டனர்.

சரித்திர ஆசிரியர்களுள் ஹெரோடோட்டஸ் இதற்கு ஒருவாறு விலக்காவார். பாரசீக மன்னன் செர்க்ஸஸ் கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, சனாக்கலேக்குச் சற்று வடக்கே அபிடாஸ் என்னுமிடத்தில் இந்த ஜலசந்தியின் மேல் பாலம் அமைக்கச் செய்தான். புயல் அப்பாலத்தைச் சிதைத்தது. மன்னன் சினந்து, கடலுக்கு முந்நூறு கசையடி கொடுக்கவும், நீரில் விலங்கை எறியவும் ஆணையிட்டான் என்று அவ்வாசிரியர் எழுதுகின்றார். இக்கதையை வேடிக்கையாகச் சொல்லாத பிரயாண நூல் இல்லை. ஆனால் அவர் அடுத்து எழுதிய செய்தியைப் பெரும்பாலோர் விட்டுவிடுவர்: பாலம் கட்டுவதை மேற்பார்த்தவர்களின் தலைகளை மன்னன் வெட்டுவித்தான். கடல்மேல் விழுந்த அடி கடலுக்கு உறைக்கவில்லை. வேலை செய்தவன் கழுத்தில் விழுந்த வாள் விழுந்ததுதான். பின்னர் வேறு ஆட்கள் வந்து, நூற்றுக்கணக்கான மரக்கலங்களை வரிசையாக நிறுத்தி, கயிற்றாற் பிணைத்து, இரு பாலங்கள் அமைத்தனர். படை கடந்தது. கசையடி மட்டும் கதையாயிற்று.

இனி, நம் பள்ளிப் புத்தகங்களால் நமக்கு மிகப் பழகியவராகிய பைரன் பிரபு. அபிடாஸ் ஊர் இளைஞன் லியாண்டர் எதிர்க்கரையாகிய செஸ்டாஸில் கோபுரத்தில் வாழ்ந்த ஹீரோ என்னும் மங்கையைக் காதலித்து, அவள் ஏற்றிய விளக்கின் ஒளியே வழிகாட்டியாக இரவுதோறும் நீந்திச் சென்றான் என்பதும், ஒருநாள் புயலில் விளக்கு அவிய அவன் மூழ்கி இறந்தான் என்பதும் பழங்கதை. அதனைச் சோதிக்க விரும்பிய பைரன், 1810 மே 3-ஆம் நாள் எக்கன்ஹெட் என்னும் கப்பற்படை அதிகாரியுடன் செஸ்டாஸிலிருந்து அபிடாஸுக்கு நீந்தினார். ஒரு மணி பத்து நிமிடத்தில் கரையேறினார். பின்னர் அதைப் பற்றிச் சிறு கவியொன்று எழுதினார். லியாண்டர் காதலுக்காக நீந்தி உயிரிழந்தான், யான் புகழுக்காக நீந்திக் குளிர்சுரம் பெற்றேன் என்னும் கருத்துப்படத் தம்மைத்தாமே எள்ளிக் கொள்வது அக்கவி. கடலின் இழுப்பைத் தன் தோளால் அறிந்தவன் பெருமை பேச அஞ்சுகின்றான். கரையிலிருந்தவனே பெருமை பேசுகின்றான். இந்நேர்மைக்காகவே அச்சிறு கவியை அவருடைய நீண்ட காவியங்கள் சிலவற்றினும் மேலாக மதிப்பேன்.

ஆயினும் அக்கவியில் இல்லாத செய்தி ஒன்றுண்டு. பைரனை இந்த ஜலசந்திக்குக் கொணர்ந்த போர்க்கப்பலின் பெயர் சால்செட். அது பம்பாய்க்கு அருகிலுள்ள ஒரு தீவின் பெயர். அக்கப்பல் பம்பாய்க் கப்பற்பட்டறையில், வாடியா குடும்பத்துப் பார்சித் தலைமைத் தச்சரின் பொறுப்பில், தேக்கு மரத்தால் கட்டப்பெற்று 1805-இல் நீரில் இறக்கப்பட்டது. ஆங்கிலப் பிரபு கிரேக்கக் கதையைத் தேடித் துருக்கி நாட்டுக் கடலுக்கு வந்து சேர்ந்தது இந்தியத் தொழிலாளர் இழைத்த பலகையின் மேல்! நம் பள்ளியில் இக்கவியைப் பாடமாக வைத்த உபாத்தியாயர் எவரேனும் இதனைச் சொன்னதுண்டா? பைரனைக் குறைகூற இதனை எழுதவில்லை. ஒரு நூலைப் படிக்கும்போது அதன் ஆசிரியர் எதன்மேல் நின்று எழுதினார் என்று கேட்பதும் படிப்பின் ஒரு பகுதி என்பதற்காகவே எழுதுகிறேன்.

நூலை நம்பி நிலத்தைத் தோண்டியவர் கதையும் இங்கேயே உண்டு. சனாக்கலேக்குத் தென்மேற்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் ஹிசார்லிக் என்னும் மேடு இருக்கின்றது. அதுவே டிராய் நகரம் என்று கருதி, அம்மேட்டின் ஒரு பகுதிக்கு உடையவரான பிராங்க் கால்வெர்ட் முன்னமே சிறிது தோண்டியிருந்தார். அவர் சொற்கேட்டு வந்த ஜெர்மானிய வணிகர் ஷ்லீமன், 1871 முதல் அவ்வட்டாரத்துக் கூலியாட்களைக் கொண்டு பெரும்பள்ளம் ஒன்றை வெட்டினார். 1873-இல் பொன்னணிகள் கிடைத்தன. பிரையம் அரசனின் புதையல் என்று உலகுக்கு அறிவித்து, துருக்கி அரசாங்கம் அறியாமல் அதனை வெளியே கடத்தினார். அப்பொன் டிராய்ப் போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பல நகரங்களுள், தாம் படித்த ஒரு நகரத்தைத் தேடிய அவசரத்தில் மேலிருந்தவற்றை அவர் வெட்டி எறிந்துவிட்டார். புதையல் பெர்லினுக்குப் போய், 1945-இல் அங்கிருந்து மாஸ்கோவுக்குப் போயிற்று. அம்மேட்டினருகே 2018-இல் திறக்கப்பெற்ற டிராய் அருங்காட்சிசாலை இருக்கின்றது. குதிரையிடத்தில் செலவிடும் பொழுதில் பாதியையேனும் அங்கே செலவிடுவோர் நற்பயன் பெறுவர்.

இனி 1915-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு 18-ஆம் நாள் ஆங்கிலேய, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் இந்த ஜலசந்தியைப் பிளந்து செல்ல முயன்றன. பத்து நாள் முன்னர் நுஸ்ரத் என்னும் சிறு துருக்கிக் கப்பல் இரவில் வைத்துச்சென்ற 26 கண்ணிவெடிகளை அவர்கள் அறியவில்லை. ஒரே நாளில் மூன்று பெருங்கப்பல்கள் மூழ்கின. பின் ஏப்ரல் 25-இல் எதிர்க்கரையாகிய கலிப்போலியில் படை இறங்கிற்று. 1916 ஜனவரியில் திரும்பிப் போயிற்று. இடையில் இருபுறமும் இறந்தோர் ஏறத்தாழ 1,30,000 பேர்.

இப்போரைப் பாடியவர்களுள் இருவரை ஒப்புநோக்கலாம். ஆங்கிலக் கவி ரூபர்ட் புரூக், ஹோமரின் கடலில் போரிடப் போகிறோம் என்னும் களிப்போடு கப்பலேறினார். கொசுக்கடி புண்ணாகி நஞ்சேறி, படை இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னர் இறந்தார். கலிப்போலிப் போர்க்களத்தை அவர் மிதிக்கவே இல்லை. ஆயினும் அவருடைய போர்க்கவிகள் ஆங்கில நாடெங்கும் ஓதப்பெற்றன. துருக்கியின் தேசிய கீதம் இயற்றிய மெஹ்மத் ஆக்கிஃப், சனாக்கலேயில் மடிந்தோர்க்காகப் பாடிய பாட்டை அந்நாட்டில் அறியாதவர் இல்லை. அவரும் களத்தில் இருந்தவரல்லர். அரேபியப் பாலைவனத்தில் அரசாங்க அலுவலாகச் சென்றிருந்தபோது வெற்றிச் செய்தியைக் கேட்டவர். இருவரும் காணாது பாடினர். ஆனால் ஒரு வேறுபாடு: முன்னவர் போருக்குச் செல்லும் தம் உள்ளத்தைப் பாடினார், பின்னவர் இறந்துபோன நாட்டுப்புறத்துப் பிள்ளைகளைப் பாடினார். காணாமற் பாடுவது குற்றமன்று. யாருக்காகப் பாடினார் என்பதே கேட்கத்தக்கது.

இவ்விருவர் பாட்டிலும் இடம்பெறாதவர் ஒரு கூட்டத்தார். இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியரும் கூர்க்கரும் கலிப்போலியில் போரிட்டனர்; அவர்களோடு கோவேறு கழுதைப் படையினர் சென்றனர். குண்டு விழும் சரிவுகளில் இரவுதோறும் குடிநீரும் ரொட்டியும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்றவர் அவர்களே. அவர் கொண்டுசென்ற நீர் இல்லையேல் எவ்வீரன் வீரனாக நின்றிருப்பான்? ஹெல்லஸ் முனையிலுள்ள நினைவுத்தூணில் இந்தியர் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. பார்ப்போர் குறைவு.

அப்போர் நம் நாட்டையும் தீண்டாது விடவில்லை. 1915 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் வடஇந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கலகம் செய்தனர். துருக்கியின் சுல்தான் அவர்கட்குக் கலீபா. அவருக்கு எதிராகப் போரிடத் தம்மை அனுப்புவர் என்னும் அச்சம் அக்கலகத்தின் காரணங்களுள் ஒன்று. உண்மையில் அவர்கட்கு இட்ட கட்டளை ஹாங்காங்குக்குச் செல்லுமாறே. கலகம் தொடங்கி நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 19-இல், டார்டனெல்ஸ் வாயிற்கோட்டைகளின்மேல் குண்டுகள் விழுந்தன. சிங்கப்பூரிலோ 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு ஜலசந்தியில் வைத்த தீ மற்றொரு ஜலசந்தியின் கரையில் உயிர்களைக் குடித்தது. பைரனைக் கற்பித்த நம் பாடப்புத்தகம் இதைக் கற்பிக்கவில்லை.

இவ்வளவும் கண்டபின் ஊரின் பெயருக்கே திரும்புகிறேன். காற்று எதிர்த்தால் பாய்க்கப்பல்கள் தென்காற்றை எதிர்பார்த்து இந்த ஜலசந்தியருகே நாட்கணக்கில் காத்துக் கிடக்கும். அவ்வாறு வந்தோரும் சென்றோரும் வாங்கிச் சென்றவை சனாக்கலேக் குயவர் வனைந்த பாண்டங்கள். பழைய தட்டுகளின் நடுவில் பாய்மரக் கப்பலும் மீனும் மலரும் நாலைந்து கோடுகளில் தீட்டப்பட்டிருக்கும். பிற்காலத்தில் குதிரை முதலிய விலங்குருவிலும் குடுவை செய்தனர். இலண்டன் அருங்காட்சிசாலையிலும் அவற்றைக் காணலாம்; சனாக்கலேயிலும் அவற்றிற்கென ஒரு காட்சிசாலை உண்டு. அத்தட்டின் முன் நின்றபோது ஒன்று விளங்கிற்று. ஜலசந்தியைத் தினமும் கண்டவன் வரைந்த கப்பல் அது. அதில் வீரன் இல்லை, கொடி இல்லை, மன்னன் இல்லை. கப்பல் வந்தால் சட்டி விற்கும். சட்டி விற்றால் அடுப்பெரியும். கடலைப் பற்றி அவன் எழுதிய காவியம் அவ்வளவே. ஆனால் பொய் ஒன்றும் அதில் இல்லை.

அக்குயவனுக்கு உறவான பாட்டொன்றும் உண்டு. சனாக்கலேப் பாட்டு என்று துருக்கியர் வழங்கும் நாட்டுப்பாடல் அது. போருக்குப் போகும் இளைஞன் ஒருவன் தாயை விளித்துப் பாடுவது. இன்னார் இயற்றியது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதில் வரும் கண்ணாடிக் கடைவீதி இன்றும் ஊர் நடுவே இருக்கின்றது. யூத வணிகர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தது அது. களத்துக்குப் போகின்றவன் நினைப்பது ஹெக்டரை அன்று; தன் ஊர்க் கடைத்தெருவையும் தன் தாயையுமே. காவியங்கள் காணாத உண்மையை இச்சிறு பாட்டு கண்டுகொண்டது.

செர்க்ஸஸ் பாலம் கட்டிய ஜலசந்தியில் 2022 மார்ச்சு 18-ஆம் நாள் புதிய தொங்குபாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு 1915 சனாக்கலே என்பதே பெயர். அதன் நடுத்தாவு 2,023 மீட்டர். துருக்கிக் குடியரசின் நூற்றாண்டு நிறைவாகிய 2023-ஐக் குறித்து அமைந்த கணக்கு அது. திறக்கப்பெற்றபோது உலகிலேயே மிக நீண்ட நடுத்தாவு அதுவே. ஆண்டு அளவாயிற்று, போர் பெயராயிற்று. கம்பி முறுக்கியவன் பெயரை எங்கே தேடுவது?

அன்பர்காள்! தோட்டத்துக் கிராணியாகிய யான் தினமும் காலையில் பேர்ப்பட்டியல் எழுதுபவன். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நிறை வெட்டினார் என்று குறிப்பது என் தொழில். அப்பட்டியலில் கவிதை இல்லைதான். ஆனால் ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது என்னும் நியதி உண்டு. கவிகளிடமும் பிரயாணக் கட்டுரை எழுதுவோரிடமும் யான் வேண்டுவது அந்நியதியில் ஒரு சிறுபங்கே. வீரரைப் பாடுங்கள், தடையில்லை. குயவனின் சக்கரத்தை ஹோமர் கண்டவாறு நீங்களும் காணுங்கள். கண்டபின் அவனை உவமையோடு நிறுத்திவிடாதீர்கள்.

சனாக்கலேக்குச் செல்ல வாய்ப்புடையோர் செல்லுக. குதிரையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாமல், படகேறி நடுநீரில் இரு கோட்டைகளையும் பார்க்க. டிராய் மேட்டையும் கல்லறைகளையும் காண்க. இறுதியில் அம்மண்தட்டின் முன் சிறிதுபொழுது நிற்க. செல்ல இயலாதோர் நூலைப் படிக்கும்போதே இக்கேள்வியைக் கேட்டுப் பழகுக: இக்கப்பலைக் கட்டியவன் யார்? இப்பாலத்தைப் பிணைத்தவன் யார்? இந்நீரைச் சுமந்தவன் யார்? இக்கேள்வி கேட்கப் பழகியவனுக்குத் தன் ஊர்த் தோட்டத்துச் சாலையும் படிக்க வேண்டிய நூலாகவே தோன்றும்.